அளந்த கதை – 17: 28 லிட்டர் சொச்சம்

உப்புக்குக் கரிசை, நெல்லுக்குக் கலம், நெல்லிக்குப்பத்துச் சாராயத்துக்குக் காலன் என்று இதுவரை பார்த்த அளவுகள் எல்லாம் ஏதோ ஒரு பாத்திரத்துக்குள் அடங்கியவை. மரக்காலில் கொட்டலாம், பீப்பாயில் ஊற்றலாம், தலைதட்டி அளக்கலாம். ஆறு அப்படி அடங்காது. எந்த மரக்காலிலும் கொள்ளாத தண்ணீரை எப்படி எண்ணினார்கள், அந்த எண்ணை அடியிலிருந்து மீட்டருக்கு மாற்றும்போது என்ன நடந்தது என்பதுதான் இந்த அத்தியாயம். அதைச் சொல்லத் தோதான ஊர் மேல்பட்டாம்பாக்கம். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே, நெல்லிக்குப்பத்தை ஒட்டி, டேனிஷ் மிஷன் 1860களில் கால் ஊன்றிய ஊர். வடக்கே தென்பெண்ணை. மாவட்டத்தின் தென்கோடியில் வீராணம். இந்த இரண்டு நீர்நிலைகளும் போதும், கதை முழுக்கச் சொல்லிவிடலாம்.

முதலில் பழைய காலம். வீராணம் ஏரியை வெட்டியது முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதி. வீரநாராயணன் என்பது அவன் பட்டப்பெயர். உத்தரமேரூரில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை 919, 921 ஆண்டுகளில் கல்லில் வெட்டியதும் அதே மன்னன் காலத்தில்தான். ஏரியைப் பராமரிக்க இவ்வளவு மெனக்கெட்டவர்கள் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கொள்ளளவாகக் கணக்கிட்டதற்குக் கல்வெட்டில் அடையாளம் தேடினால் ஏமாற்றம்தான். நாழி எண்ணெய், கலம் நெல், வேலி நிலம் என்று மற்ற எல்லாவற்றுக்கும் துல்லியமான கணக்கு எழுதியிருக்கிறார்கள். தண்ணீருக்கு மட்டும் இன்ன மதகு, இன்ன வாய்க்கால், இன்ன முறை என்று உரிமையாக எழுதினார்கள். ஏரியின் மதகான குமிழித் தூம்பின் துளை எவ்வளவு பெரியது, அதை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதே அளவு.

வீராணத்துக்கு 74 மதகுகள் இருந்ததாகவும், அதைப் பார்த்த இராமானுசர் 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்ததாகவும் வைணவ மரபு சொல்லும். தண்ணீர் எத்தனை வழியாகப் பிரிகிறது என்பதுதான் அன்றைக்குக் கண்ணில் பட்ட எண். மொத்தம் எவ்வளவு என்பதல்ல. இந்த 74-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேறொரு வேடத்தில் திரும்ப வரும்.

மொத்தம் எவ்வளவு என்று கேட்டவர்கள் கம்பெனியின் பொறியாளர்கள். பாசனத்துக்குப் பணம் போட்டால் எத்தனை ஏக்கர் வரி வரும் என்று லண்டனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணையைக் கட்டினார். அணைக்கரையிலிருந்து வடவாறு வழியாகத்தான் இன்றும் வீராணத்துக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது. காட்டன் தலைமுறையினர் ஓடும் தண்ணீரை மணிக்கு இத்தனை கன கஜம் என்று எழுதினார்கள். ஒரு ஏக்கர் நெல்லுக்கு மணிக்கு இரண்டு கன கஜம் என்பது அவர்கள் அடிக்கடி எடுத்தாண்ட கணக்கு. ஒரு கன கஜம் என்றால் 27 கன அடி. விநாடிக்கு ஒரு கன அடி ஓடினால் மணிக்கு 133 கன கஜம் சொச்சம். இரண்டால் வகுத்தால், ஒரு கன அடி ஓட்டம் 66 ஏக்கருக்குச் சற்று மேல் பாயும். கன கஜம் பின்னால் வழக்கொழிந்தது. விநாடிக்குக் கன அடி, பொறியாளர் வாயில் 'கியூசெக்', நிலைத்துவிட்டது.

ஓடும் ஆற்றை எண்ணாக்கும் வித்தையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மெட்ரிக் மாற்றம் சிக்கிக்கொண்ட இடங்களில் இது முக்கியமானது. அணைக்கட்டின் முகட்டுக்கு மேல் தண்ணீர் வழிகிறது. பக்கத்துச் சுவரில் அடிக்கணக்கு எழுதிய அளவுகோல். பாசனப் பணியாளரான லஸ்கர் காலையில் போய் அதைப் பார்த்து ஒன்றரை, இரண்டு என்று நோட்டில் எழுதுவார். அந்த அடியைக் கன அடியாக மாற்றும் சூத்திரத்தை அமெரிக்காவின் லோவல் நகரத்து நூற்பாலைக் கால்வாய்களில் சோதித்து, 1855-ல் புத்தகமாக வெளியிட்டவர் ஜேம்ஸ் ஃபிரான்சிஸ். வழியும் உயரத்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, முகட்டின் நீளத்தால் பெருக்கி, கடைசியில் 3.33 ஆல் பெருக்க வேண்டும். 100 அடி நீள முகட்டில் ஒரு அடி வழிந்தால் 333 கன அடி. இரண்டு அடி வழிந்தால் 666 அல்ல, 942. நான்கு அடி என்றால் 2,664. உயரம் இரட்டித்தால் தண்ணீர் 2.83 மடங்காகும். வெள்ளக் காலத்தில் "இன்னும் ஓரடிதானே ஏறியிருக்கிறது" என்று அசட்டையாக இருந்தவர்களை ஆறு ஏமாற்றியதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

அந்த 3.33 வெறும் எண் போலத் தெரியும். அது அடியில் அளந்தால் மட்டுமே செல்லுபடியாகும் எண். மீட்டரில் அளந்தால் அதே இடத்தில் 1.84 போட வேண்டும். அளவுகோலை மட்டும் மீட்டருக்கு மாற்றிவிட்டுப் பழைய சூத்திரத்தையே பிடித்துக்கொண்டால் விடை 1.8 மடங்கு தப்பும். சேர் கிலோவாக மாறியபோது கடைக்காரர் எடைக்கற்களை மாற்றினால் போதுமாக இருந்தது. அணைக்கட்டிலோ சுவரில் எழுதிய கோடு, நோட்டில் உள்ள பட்டியல், நூறு வருஷப் பதிவேடு, மதகின் ஷட்டரில் வெட்டிய குறி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் மற்றவை பொய் சொல்லும்.

தென்பெண்ணையில் இந்தச் சங்கடம் மெட்ரிக் சட்டத்துக்கு முன்பே இருந்தது. மேல்பட்டாம்பாக்கத்தின் அக்கம்பக்கத்தில், ஆற்றின் வடகரையில் சொர்ணாவூர். அங்குள்ள அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குப் போகிறது. தென்னாற்காடு மாவட்டம் பிரிட்டிஷார் கையில், பாகூர் பிரெஞ்சுக்காரர் கையில். மீட்டரையும் லிட்டரையும் 1795-ல் சட்டமாக்கி, 1840 முதல் கட்டாயமாக்கிய நாடு பிரான்ஸ். ஆக, அணைக்கட்டு அடியில் அளக்கும் ஆட்சியில், ஏரி மீட்டரைப் பெற்றெடுத்தவர்களின் ஆட்சியில், நடுவே ஒரே வாய்க்கால். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் விலகியது. ஆனாலும் பாகூர்ப் பக்கத்துப் பழைய நிலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும். இந்தப் பக்கம் வந்தால் ஏக்கர், செண்டு. தமிழ்நாட்டுப் பட்டாவிலும் இப்போது ஹெக்டேர்–ஏர்ஸ் ஏறிவிட்டது என்றாலும், விலை பேசும்போது செண்டு என்றுதான் பேசுவார்கள். புதுச்சேரியில் குழி. நிலத்தின் கதையை முன்பே விரிவாகப் பார்த்துவிட்டதால் இங்கே தண்ணீரோடு நிற்கிறேன்.

கன அடி எப்படி டி.எம்.சி. ஆனது? அதற்குப் பெண்ணையை விட்டுக் காவிரிக்குப் போக வேண்டும். மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1892-ல் ஓர் ஒப்பந்தம், 1924-ல் இன்னொன்று. 1924 ஒப்பந்தத்தில் கண்ணம்பாடி அணைக்கு 44,827 மில்லியன் கன அடி, மேட்டூருக்கு 93,500 மில்லியன் கன அடி என்று கொள்ளளவு எழுதப்பட்டது. மேட்டூர் அணை 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஐந்து இலக்க மில்லியன்களை வாயால் சொல்வது கஷ்டம். ஆயிரம் மில்லியன் கன அடியை, அதாவது டி.எம்.சி.யை, ஓர் அலகாக்கினால் மேட்டூர் 93.5 என்று சுருங்கிவிடும். 'பில்லியன்' என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அன்றைய பிரிட்டிஷ் வழக்கில் பில்லியன் என்றால் மில்லியன் மில்லியன், அதாவது ஒரு லட்சம் கோடி. அமெரிக்காவில் அது நூறு கோடி. பிரிட்டன் அரசே 1974-ல்தான் அமெரிக்கக் கணக்குக்கு மாறியது. ஆயிரம் மில்லியன் என்றால் எந்தக் கரையிலும் குழப்பம் இல்லை. நம் வழக்கில் சொன்னால் நூறு கோடி கன அடி.

ஒரு கன அடி 28.3168 லிட்டர். ஆகவே ஒரு டி.எம்.சி. 2,831 கோடி லிட்டர் சொச்சம், கன மீட்டரில் 2 கோடியே 83 லட்சம். பழைய சென்னைக் கணக்குப்படி மரக்கால் 750 கன அங்குலம், 400 மரக்கால் ஒரு கரிசை. அந்தக் கரிசையில் அளந்தால் ஒரு டி.எம்.சி. சுமார் 57 லட்சத்து 60 ஆயிரம் கரிசை. ஒரு அடி ஆழத்துக்கு நிறுத்தினால் 22,957 ஏக்கர் நனையும். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். பத்திரிகையில் அணைச் செய்தி படிப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். "நீர்வரத்து 23,000 கன அடி" என்று பார்த்தவுடன் நாளைக்கு இரண்டு டி.எம்.சி. ஏறும் என்று சொல்லிவிடலாம்.

எடை அளவைத் தரச் சட்டம் 1956 டிசம்பரில் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா, 1958 அக்டோபரிலிருந்து கிலோ, மீட்டர், லிட்டர் படிப்படியாக. 1962-க்குள் கடைத்தெருவில் சேரும் வீசையும் சட்டப்படி செத்துப்போயின. படி மட்டும் நெல்லுக்கும் கடலைக்கும் சந்தையில் கொஞ்ச காலம் மறைந்து வாழ்ந்தது. ஆனால் தென்பெண்ணையின் சாத்தனூர் அணை 1958-ல், இதே மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே, 119 அடி நீர்மட்டத்தோடும் மில்லியன் கன அடிக் கணக்கோடும் எழுந்து நின்றது. சட்டத்தின் கண் வியாபாரத்தின் மேல் இருந்தது. ஆற்றை யாரும் தராசில் வைத்து விற்கவில்லை.

இன்னொரு காரணம் வழக்கு. பங்கீட்டுச் சண்டை எந்த அலகில் தொடங்கியதோ அந்த அலகிலேயே உறைந்துபோகும். காவிரி நடுவர் மன்றம் 1991 இடைக்காலத் தீர்ப்பில் 205 டி.எம்.சி. என்றது, 2007 இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740, தமிழ்நாட்டுக்கு 419 என்றது. உச்ச நீதிமன்றம் 2018-ல் அந்த 419-ஐ 404.25 ஆக்கியது. கால் டி.எம்.சி. வரை எண்ணி வாதாடும் இடத்தில், "வாருங்கள், கன மீட்டருக்கு மாறுவோம்" என்று எந்த வழக்கறிஞர் சொல்வார்? தசமத்தில் முழுமையாக்கும்போது நூற்றில் ஒரு பங்கு நழுவினாலும், டி.எம்.சி. ஒன்றுக்கு 28 கோடி லிட்டர் நழுவும்.

அடிக்கணக்கிலும் ஒற்றுமை கிடையாது என்பதுதான் வேடிக்கை. கிருஷ்ணாவைப் பங்கிட்ட பச்சாவத் தீர்ப்பு 2,060 டி.எம்.சி. என்று பேசியது. நர்மதையைப் பங்கிட்டவர்கள் 28 மில்லியன் ஏக்கர் அடி என்றார்கள். பாகிஸ்தானோடு செய்த 1960 சிந்து ஒப்பந்தமும் ஏக்கர் அடிதான். ஒரு மில்லியன் ஏக்கர் அடி 43.56 டி.எம்.சி. இலங்கையிலும் குளத்துக் கணக்கை ஏக்கர் அடியில் சொல்வார்கள். இரணைமடுக் குளத்தைப் பற்றி யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும் மேட்டூரைப் பற்றித் தஞ்சாவூர்க்காரர் ஒருவரும் பேசிக்கொண்டால், இருவருமே மெட்ரிக்குக்கு மாறிய நாட்டவர், இருவருமே அடியில் பேசுவார்கள், அப்படியும் ஒருவர் சொன்ன எண் மற்றவருக்குப் பிடிபடாது. ஏக்கர் அடி விவசாயிக்கு நெருக்கமான அலகு. ஒரு ஏக்கரில் ஓரடி தண்ணீர் என்றால் யாரும் கண்ணால் பார்த்துவிடலாம். நம் பொறியாளர்கள் டி.எம்.சி.க்குப் போனது குடியானவருக்கு நஷ்டம் என்றே எனக்குப் படுகிறது.

இப்போது சாத்தனூரை அலுவலகம் அலுவலகமாகப் பாருங்கள். நீர்வளத் துறை அதை 7,321 மில்லியன் கன அடி என்கிறது. அரசியல்வாதி 7.3 டி.எம்.சி. என்பார். மத்திய நீர் ஆணையம் கன மீட்டரில் எழுதும், 207 மில்லியன். அதையே பில்லியனில் போட்டால் 0.207. எல்லாம் ஒரே தண்ணீர். மில்லியன் கன அடிக்கும் மில்லியன் கன மீட்டருக்கும் இடையே 35 மடங்கு வித்தியாசம், சுருக்கெழுத்தில் பார்த்தால் கடைசி எழுத்து மட்டும் வேறு. இதற்கு மேல் வானிலை ஆய்வு மையம். அது மழையைச் சென்டிமீட்டரில் சொல்லும். 1,000 சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுந்த தண்ணீர் 10 கோடி கன மீட்டர், அதாவது மூன்றரை டி.எம்.சி. மண் குடித்தது போக ஆற்றுக்கு எவ்வளவு வரும் என்பது வேறு கதை. ஆனால் சென்டிமீட்டரில் கேட்ட காதுக்கு டி.எம்.சி. கேட்பதில்லை. இடையில் ஒரு பெருக்கல் விடுபட்டுக் கிடக்கிறது.

அந்த விடுபட்ட பெருக்கல் 2024 டிசம்பரில் பெண்ணைக் கரைக்கு வந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பிறகு மேற்கே நகர்ந்து நின்று பெய்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. அந்தத் தண்ணீர் வடிந்து சேரும் இடம் பெண்ணை, பெண்ணையில் சாத்தனூர். டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிடப்பட்டது.

"ஒன்னே முக்கா லட்சம் உட்டுட்டானாம்ணே." "அது எங்க வரைக்கும் ஏறும்டா?" கரையோரத்து டீக்கடைகளில் அந்த வாரம் பேச்சு இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்தான். முதல் வாக்கியம் அறிவிப்பிலிருந்து வந்தது. இரண்டாவதற்கு எந்த அறிவிப்பிலும் பதில் இல்லை.

1,68,000 கன அடியைக் கன மீட்டரில் சொன்னால் 4,757. இந்த மாற்றம் யாருக்கு உதவும்? மேல்பட்டாம்பாக்கத்துக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், பெரிய எண். அவருக்கு உதவும் மாற்றங்கள் வேறு. அந்த வேகத்தில் ஒரு டி.எம்.சி. ஓட எவ்வளவு நேரம்? 99 நிமிடம். சாத்தனூர் அணை முழுசும் ஓட எவ்வளவு நேரம்? 12 மணி நேரத்துக்குச் சற்று மேல். வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. அந்த ஏரி முழுவதும் இரண்டு மணி 25 நிமிடத்தில் கடந்து போகும். தொலைவு என்று பார்த்தால் சாத்தனூரிலிருந்து மேல்பட்டாம்பாக்கம் நேர்க்கோட்டிலேயே கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், ஆறு வளைந்து வருவதால் இன்னும் கூட. வழியில் கரை தாண்டிப் பரவி உயரம் குறையும், துரிஞ்சலாறு போன்றவை சேர்ந்து கூடும். திறந்த எண்ணுக்கும் வந்து சேரும் எண்ணுக்கும் நேரடி உறவு இல்லை. கடலூர் மாவட்டத்தில் பெண்ணைக் கரை ஊர்களிலும், ஆறு கடலில் கலக்கும் தாழங்குடா பக்கத்திலும் தண்ணீர் புகுந்த பிறகு, எச்சரிக்கை முறையாகக் கொடுத்தோமா இல்லையா என்று அரசியல் சண்டை நடந்தது. கொடுத்த எச்சரிக்கையின் அலகு என்ன என்று சண்டையில் யாரும் கேட்கவில்லை.

கன அடியை மணியாகவும் முழமாகவும் மாற்றித் தர வேண்டியதுதான் வேலை. சாத்தனூரில் 50,000 திறந்தால் கண்டரக்கோட்டைப் பாலத்துத் தூணில் எந்தக் கோடு, எத்தனை மணி கழித்து. ஒரு லட்சம் என்றால் எந்தக் கோடு. இதற்குத் தேவையான பதிவேடுகள் துறையிடம் இருக்கின்றன. தூணில் வண்ணம் அடிக்க ஒரு ஆளும் ஒரு ஏணியும் போதும்.

அந்த இரண்டு மணி 25 நிமிடத்துக்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. 2004-ல் தொடங்கிய புதிய வீராணம் திட்டம் சென்னைக்கு நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் கொடுக்க வடிவமைக்கப்பட்டது. சென்னைக் குடிநீர் வாரியம் எம்.எல்.டி. என்று மெட்ரிக்கில் பேசும். ஏரியைப் பராமரிப்பவர்கள் கன அடியில் பேசுவார்கள். 180 எம்.எல்.டி.யைப் பழைய இம்பீரியல் காலனில் போட்டால் கிட்டத்தட்ட நான்கு கோடி காலன், விநாடிக்குக் கன அடியில் 73.6. முழுமையாக்கினால் 74. இராமானுசருக்குக் கிடைத்த அதே எண்! தற்செயல்தான், அதில் தத்துவம் தேட வேண்டாம். ஆனால் உள்ளூர்ச் செய்தியில் "சென்னைக்கு 74 கன அடி" என்று படிக்கும் காட்டுமன்னார்கோவில்காரருக்கும், "வீராணத்திலிருந்து 180 எம்.எல்.டி." என்று படிக்கும் சென்னைக்காரருக்கும் தாங்கள் ஒரே குழாயைப் பற்றிப் படிக்கிறோம் என்று தெரிவதில்லை. 74 என்றால் ஏதோ சொட்டு மாதிரி, 180 மில்லியன் லிட்டர் என்றால் ஏரியே காலியாகிற மாதிரி.

உண்மை நடுவில் இருக்கிறது. ஏரி நிரம்பி, வேறு வரத்தும் இல்லாமல், ஆவியாதலையும் பாசனத்தையும் மறந்துவிட்டால், 74 கன அடியில் அதைக் காலி செய்ய சுமார் 230 நாள் ஆகும். வருஷம் முழுக்க 180 எம்.எல்.டி. எடுத்தால் 2.32 டி.எம்.சி. வேண்டும். ஏரியின் கொள்ளளவே 1.465. ஆக, சென்னைக்கு மட்டுமே ஏரியை வருஷத்தில் ஒன்றரை தடவைக்கு மேல் நிரப்ப வேண்டும், பிறகுதான் பாசனம். இந்தக் கணக்கு எந்த ரகசியக் கோப்பிலும் இல்லை, 28.3168 ஆல் பெருக்கத் தெரிந்தால் போதும். மெட்ரிக்கில் ஒரு துறை, அடியில் ஒரு துறை என்று பிரிந்திருப்பதால் இரண்டு எண்களும் ஒரே தாளில் வருவதில்லை, அவ்வளவுதான். சென்னையின் 230 நாள் குழாய்த் தண்ணீருக்குச் சமமானது, அந்த டிசம்பர் அதிகாலையின் வேகத்தில், பெண்ணையில் ஒரு சினிமா ஓடும் நேரத்தில் போயிருக்கும்.

கரையில் இன்னும் இரண்டு அளவுகள் மிச்சம். ஒன்று போர்வெல் அளவு. "ரெண்டரை இஞ்ச் தண்ணி" என்பார்கள். குழாயின் விட்டம் எப்படி நீரின் அளவாகும் என்று பாடப்புத்தகம் கோபிக்கும். மோட்டாரும் ஆழமும் தெரிந்தவருக்கு அதிலேயே விஷயம் விளங்கிவிடும். குமிழித் தூம்பின் துளையை அளந்த பழைய பழக்கம்தான் இது, இஞ்ச் மட்டும் புதிது.

மற்றது மணல். பெண்ணை மணலை லாரியில் ஏற்றும்போது கேட்கும் சொல் 'யூனிட்'. ஒரு யூனிட் 100 கன அடி. அரசு ஆணையில் குவாரிக்கு அனுமதித்த அளவு கன மீட்டரில் இருக்கும், லாரி யூனிட்டில் போகும். ஒரு யூனிட் 2.83 கன மீட்டர். டி.எம்.சி.யில் பார்த்த அதே 283 இங்கே சின்ன உருவத்தில். 'மூணு யூனிட்' லாரி என்றால் எட்டரைக் கன மீட்டர். ஆணையைப் பார்த்து, குவாரி வாசலில் நின்று லாரிகளை எண்ணும் ஊர்க்காரர் இந்த வகுத்தலைச் செய்யாவிட்டால் அவர் எண்ணிக்கை எதற்கும் ஆதாரமாகாது.

மணல் போனால் தண்ணீர்க் கணக்கும் போகும். ஆற்றில் அளவுகோல் நிற்கும் இடத்தில் படுகை இரண்டடி இறங்கிவிட்டது என்று வையுங்கள். கோலில் நேற்றைய அதே எட்டடி காட்டும்போது, கீழே இரண்டடி கூடுதல் ஆழத்தில் கூடுதல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பழைய பட்டியலைப் பார்த்து எழுதினால் வெள்ளம் குறைவாகப் பதிவாகும். படுகையை மறுபடி அளந்து, பட்டியலைப் புதிதாகப் போட வேண்டும். அப்படிப் போடும்போதாவது முதல் தடவையாக அதை மீட்டரில் போட்டுவிடலாம். எப்படியும் எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டிய நாள் அது.

அடுத்த இதழில் நெய்வேலி: சுரங்கத்திலிருந்து நிமிடத்துக்கு இத்தனை காலன் என்று நிலத்தடி நீரை இறைத்தவர்களின் கதை.

(தொடரும்)